ஸ்டூலக்கா போட்ட லீவு

காவல் படைக்கு ஆள் எடுக்கும் அலுவலகத்தில், உயரம் அளக்கும் அறையில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்த்தவள் நாலடி மூணு அங்குலம்தான் இருந்தாள். யாருக்குச் சிரிப்பு வராது? வந்தது. அளவுக் கம்பத்தின் கட்டையைப் பையன்களின் தலைமேல் இறக்க, இரண்டு படி வைத்த மர ஸ்டூலில் அவள் ஏற வேண்டும். ஏறும்போதெல்லாம் வரிசையில் எவனாவது ஒருவன், "அக்கா, பாத்து, மேகம் இடிக்கப் போகுது" என்பான். அதே பையன் அடுத்த நிமிஷம் கம்பத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு, அவள் வாயிலிருந்து எண் வருகிற வரைக்கும் மூச்சை அடக்கி நிற்பான். அந்த ஒரு நிமிஷம் அவளுக்குப் பிடிக்கும். அதை மறைப்பானேன்?

அங்கே அவள் பெயர் ஸ்டூலக்கா. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. விளையாட்டுக்கு ஸ்டூலை பீரோ மேல் தூக்கி வைத்துவிடுவார்கள். அதை எடுக்க அவளுக்கு இன்னொரு ஸ்டூல் வேண்டும். பேரன் பேத்தி எடுத்த ஆட்கள் ஆடிய விளையாட்டு இது. கடைசியில் ஒரு சங்கிலி வாங்கி ஸ்டூலைக் கம்பத்தோடு பூட்டிவிட்டாள்.

ஆனால் வேலையில் அவளை ஒரு சொல் சொல்ல முடியாது. யாருக்கும் ஒரு மில்லிமீட்டர் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. இத்தனை வருஷத்தில் அவள் கண்டது ஒன்று: மனுஷ உடம்பு காலையில் ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு. நின்று, நடந்து, ஓடி, முதுகு அமுங்கி, ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் போய்விடும். அதனால் நூலிழையில் தவறுகிற பையனை அவள் விரட்டமாட்டாள். மூலையில் கிடக்கும் பெஞ்சில் ஒரு மணி நேரம் மல்லாக்கப் படுக்க வைத்து மறுபடி அளப்பாள். விதியில் அதற்கு இடம் இருந்தது, ஆனால் அன்றைக்கே கேட்க வேண்டும். கேட்கலாம் என்பதே பையன்களுக்குத் தெரியாது. மேகம் இடிக்கும் என்று கிண்டல் செய்தவனையும் அவள் படுக்க வைத்திருக்கிறாள்.

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றை ஆளாக வளர்த்த மகன் ஒருவன். ஆறாம் வகுப்பில் ஒரு நாள், "பள்ளிக்கூடத்துக்கு நீ வராதம்மா, சித்தியை அனுப்பு" என்றான். தங்கையை அனுப்பினாள். அன்றிலிருந்து வாத்தியார்களுக்குச் சித்திதான் அவன் அம்மா. பிள்ளை மனசு நோகக் கூடாது என்று விட்டுக்கொடுத்தாள். கன்னத்தில் ஒன்று வைத்திருக்க வேண்டும்.

அவனும் அதே படைக்கு எழுதி, எழுத்துத் தேர்வில் தேறினான். வேண்டிய உயரம் நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர். வயது வரம்பில் இதுதான் அவனுக்குக் கடைசி வாய்ப்பு. உயரம் அளக்க ஒரு வாரம் இருக்கும்போது, சாப்பிடும் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்.

"அன்னிக்கு நீ லீவு போட்டுரும்மா."

"நான் அளக்க மாட்டேன்டா. சொந்தப் பிள்ளையை அளக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? டாக்டர் அளப்பாரு. நான் சும்மா ரூம்ல இருக்கேன்."

"இருக்கவே வேணாம்னுதான் சொல்றேன். கூட வர்றதெல்லாம் தெரிஞ்ச பசங்க. உன்னைப் பாத்துச் சிரிப்பானுங்க. அப்புறம் நீ யாருன்னு தெரிஞ்சா..."

முழுங்கிக்கொண்டாள். அதில் அவளுக்கு நல்ல பழக்கம்.

"சரி, வரல. காலையிலேயே முதல் ஆளா போய் நில்லு. அன்னிக்கு ஓடாத. அளவு கொஞ்சம் குறைஞ்சா..."

"உயரத்தைப் பத்தி நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். மீதியை அவள் சொல்லவில்லை.

அந்த நாள் வந்தது. அவள் வீட்டில் இருந்து, கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். மகன் விடிந்ததும் நண்பர்களோடு மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடிவிட்டு, சாவகாசமாகப் போய் வரிசையின் வாலில் நின்றான். அவன் முறை வரும்போது மணி மூன்றரை. அவளுக்குப் பதிலாக வந்திருந்தவன் நல்ல நெட்டை. ஸ்டூல் அவனுக்குத் தேவைப்படவில்லை. நூற்று அறுபத்தேழு புள்ளி நாலு. "அடுத்த ஆளு" என்றான்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி எறிந்தான் மகன். "ஆறு மில்லிமீட்டர். எல்லாம் உன் ரத்தம். வேற யாரைச் சொல்ல?"

"படுக்க வெச்சு அளந்தாங்களா?"

"எதுக்குப் படுக்கணும்?"

தரையில் கிடந்த சட்டையை எடுத்து அவள் மடித்து வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் பாயிலேயே அவனைத் தட்டி எழுப்பினாள். சுவரில் சாய்த்து நிறுத்தி, நாற்காலியில் ஏறி, தலைமேல் ஒரு புத்தகத்தை மட்டமாக வைத்து, பென்சிலால் கோடு போட்டாள். அளவு நாடாவை அவன் கையிலேயே கொடுத்தாள். அவன் இரண்டு தடவை அளந்தான். நூற்று அறுபத்தெட்டு புள்ளி மூணு.

"ஒரு மணி நேரம் படுக்க வெச்சு, மறுபடி அளக்கச் சொல்லியிருப்பேன்" என்றாள். "யார் பெத்த பிள்ளைக்கும் அதைத்தானே செய்றேன்."

அவன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, சின்ன வயசில் கேட்கிற மாதிரி கேட்டான்.

"நேத்து ஏம்மா நீ லீவு போட்ட?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே மறந்துபோய்க் கேட்டான். அவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். எட்டு மணிக்கு வரிசை நிற்கும். ஸ்டூலின் சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.