கொல்லையில் ஓடிய படகு

என் கணவர் தூத்துக்குடியிலிருந்து ஒரு பழைய மோட்டார் படகை லாரியில் ஏற்றி, கடலே இல்லாத ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கண்மாய் நிறைந்ததும் அதில் விடுவாராம். எனக்குத் துணி காயப்போடும் இடம் போனது. கொல்லை முழுக்கப் பெயிண்டும் டீசலும் கலந்த நாற்றம். பொறுத்துப் பார்த்துவிட்டு, அவருக்குத் தெரியாமல் பழைய இரும்புக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். சாயங்காலம் வந்து படகை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

அன்றைக்கென்று பார்த்து, கணவர் பழுதுபார்த்துவந்த எஞ்சின் தயாரானது. படகைத் தள்ளும் விசிறி முங்கும்படி, படகின் பின்னால் ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பினார்.

"ஏட்டி, செத்த நேரம் ஏறி உக்காரு. ஆள் இருந்தா எம்புட்டு ஆடுதுன்னு பாக்கணும்."

முணுமுணுத்துக்கொண்டே ஏறினேன். அவர் கயிற்றைச் சுண்டி இழுக்க, எஞ்சின் இருமிக்கொண்டே பிடித்துக்கொண்டது. அதிர்வு பாதம் வழியாக உடம்பெல்லாம் ஏறியது. எதிரே மலைமேல் மேகம் மெல்ல ஒதுங்கியது. மேகம் நகர்கிறதா, நான் நகர்கிறேனா, தெரியவில்லை. இத்தனை வருஷமும் என் கண்முன் அசையாமல் நின்ற வேப்பமரமும் அடுப்படி ஜன்னலும் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

"போதுமா? அணைக்கவா?" என்று கத்தினார்.

"அணைச்சிராதீக! இன்னுங் கொஞ்சம் போவோம்."

போவோம் என்றா சொன்னேன்?

அப்போதுதான் இரும்புக் கடைக்காரர் கொல்லைக் கதவருகே வந்து நின்று கையசைத்தார். நானும் அசைத்தேன், படகில் போகிறவள் கரையில் நிற்பவருக்கு அசைப்பதைப் போல. அவர் குழம்பிப்போய்த் திரும்பிவிட்டார்.

கண்மாய் இன்னும் நிறையவில்லை. சில சாயங்காலங்களில் டிரம்மில் தண்ணீர் ஊற்றுவது இப்போது நான்தான்.