கடற்கரையில் கிடந்த மலைத்துண்டு

தொண்ணூற்றெட்டாம் வருடம், பொங்கல் லீவு. அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை. நான் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி எம்.எஸ்சி. நிலவியல் கடைசி வருடம். வீட்டுக்கு வந்த கையோடு சுத்தியலைத் தூக்கிக்கொண்டு மாமல்லபுரம் பக்கம் ஒரு குப்பத்துக் கரையில் ப்ராஜெக்ட்டுக்காகச் சுற்றினேன்.

பாதி மணலில் புதைந்தபடி ஐந்தாறு கரும்பாறைகள். ஒன்றில் ரோஜா நிறப் பட்டை ஒன்று கறுப்புக்குள் நுழைந்து வளைந்து போனது. இருநூற்றைம்பது கோடி வருடத்துக்கு முன்னால், நம் கண்டம் உருவாகிக்கொண்டிருந்தபோது, பூமியின் ஆழத்தில் வெந்த பாறைக்குள் புதுப் பாறைக்குழம்பு பாய்ந்து இறுகிய தடம் அது. இரண்டு வருடமாக அப்படி ஒன்றைப் பார்க்கத்தான் ஏங்கினேன். அழுகையே வந்துவிட்டது.

பாறைகளில் ஓடும் வரிகளைத் திசைகாட்டி வைத்து அளந்தேன். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு திசை. சும்மா விடுவேனா? பூமி இங்கே தாறுமாறாக முறுக்கிக்கொண்டது என்று ஒரு அத்தியாயமே எழுதிவிட்டேன்.

அடுத்த தடவை வீட்டுக்கு வந்து, அதே கரைக்கு மறுபடி போனபோது, கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, என்ன பண்றே என்று கேட்டார். இந்தப் பாறைங்க கோடிக்கணக்கான வருடமா இங்கேயே இருக்கு என்று பெருமையாக விளக்கினேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

"கடலு வூட்டாண்ட வந்துடுச்சின்னு போன வருசம் லாரில கொணாந்து கொட்னாங்கம்மா. இது இந்த ஊரு கல்லே இல்ல."

எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு. நின்ற இடம் தெரியாத கல்லை வைத்து எங்கள் படிப்பில் எதையும் நிரூபிக்க முடியாது. ப்ராஜெக்ட் கொடுக்க ஒரு வாரம்தான் பாக்கி. பாவம், அந்த அக்காவே லாரிக்காரரை விசாரித்து, படாளம் பக்கத்துக் குவாரி என்று சொல்லி அனுப்பினார்.

ஓடினேன். அங்கே மலை இல்லை. வெடிவைத்து எடுத்த பள்ளமும் பச்சைத் தண்ணீரும்தான் இருந்தன. சுவரில் எங்கேயாவது ஒரு ரோஜாக் கோடு மிஞ்சியிருக்காதா என்று மூன்று சுற்று சுற்றினேன். ஒன்றுமில்லை.

அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டு, கல் நின்ற இடம் அழிந்துவிட்டது என்று உண்மையை எழுதிக் கொடுத்தேன். மார்க் குறைந்தது, போகட்டும்.

ஆனால் அன்றைக்குக் குவாரியிலிருந்து திரும்ப ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் உறைத்தது: சிதம்பரத்துக்கு நான் போகிற வழியே அதுதான். அந்த மலை முழுசாக நின்ற காலத்தில், மாதா மாதம் அதைத் தாண்டி, ஜன்னலோர சீட்டில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டே போயிருக்கிறேன். ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.