விஷமூங்கில் கிழங்கு

எங்கள் வீட்டுக்குப் பின்னால், குளிக்கிற தண்ணீர் போய்த் தேங்குகிற இடத்தில், ஒரு விஷமூங்கில் நின்றது. பேரில்தான் மூங்கில், ஆள் கிழங்குச் செடி. இடுப்பளவு உயரம், பட்டை பட்டையாக நீண்ட இலைகள், நடுவில் தண்டெடுத்துக் கொத்தாக விரியும் வெள்ளைப் பூ. யாரும் வைத்ததில்லை. மழைவெள்ளம் ஓடையிலிருந்து கிழங்கை இழுத்து வந்து போட்டிருக்க வேண்டும். எங்கள் கடற்கரை ஊரின் உப்புத்தண்ணீரில் வேறு எதுவும் பிழைக்காததால் அதை விட்டுவைத்தோம்.

மாமனாருக்கு ஞாபகம் தப்பிச் சில வருடங்கள் ஆகின்றன. ஆயுசெல்லாம் வள்ளத்தில் கடலுக்குப் போனவர். கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. அதனால் மாமாவைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தெருவுக்கு இறங்காமல் பார்ப்பது எல்லாம் நான்தான்.

ஒரு மத்தியானம் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கினால், அவர் செடிக்கருகே குத்தவைத்திருந்தார். பக்கத்தில் முளைத்த சின்னக் கிழங்கு ஒன்று கையில். தோலுரித்து, பாதி கடித்திருந்தார்.

“என்ன மாமா திங்கிய?”

“உள்ளிம்மா. கஞ்சிக்குத் தொட்டுக்க.”

பார்வைக்கு வெங்காயம் போலத்தான் இருந்தது. வாயில் விரலை விட்டு வழித்தெடுத்தேன். கொஞ்ச நேரத்தில் வாந்தி தொடங்கியது. பக்கத்து வீட்டு அக்கா ஓடிப்போய் ஆட்டோ கூட்டி வந்தாள். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். ஊசியைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டதால், அவர் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். என் கை மரத்துப்போனது. பிழைத்துக்கொண்டார்.

“ஏளா, மொதல்ல அந்தச் சனியனத் தோண்டி எறி,” என்றாள் அக்கா.

கணவர் கடப்பாரை போட்டுத் தோண்டினார். தாய்க்கிழங்கு தேங்காய் பருமன், சுற்றிலும் குட்டிகள். குனிந்து குனிந்து பொறுக்கியதில் எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. மாமா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நல்லாப் பூத்த செடிய ஏன் பிடுங்குதிய?”

“ஒங்களுக்கு ஆகாதுப்பா,” என்றார் கணவர்.

சற்று நேரத்தில் அதே கேள்வி. அதே பதில். மறுபடியும் கேட்டபோது, கணவர் கடப்பாரையைப் போட்டுவிட்டு அந்தச் சகதியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்று எனக்குப் புரியச் சிறிது நேரமானது.

“செடியில பூச்சி விழுந்துட்டு மாமா,” என்றேன் நான்.

“அப்பச் சரி,” என்று உள்ளே போனார்.

மழை பெய்தால் இப்போதும் விட்டுப்போன துண்டு ஏதாவது துளிர்க்கிறது. மாமா எழுவதற்குள் போய்ப் பிடுங்கிவிட்டு, கையைக் கழுவி, அவருக்குக் காப்பி போடுகிறேன்.