சேலத்தில் அழித்தால் இங்கேயும் அழியும்

எஸ்டேட் ஆபீஸில் எனக்குக் கொடுத்திருந்த கம்ப்யூட்டரில் ‘லைன்’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. தோட்ட வேலைக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளைப் பற்றியது. எந்த வீட்டில் யார், எந்த வருஷத்திலிருந்து, ரேஷன் கார்டு நகல், குடும்பத்தோடு ஒரு போட்டோ. வீட்டுக்கு ஒரு ஃபைல். பழைய ரிஜிஸ்டரைக் கரையான் தின்றுகொண்டிருந்ததால், ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து அத்தனையையும் நான்தான் ஸ்கேன் செய்தேன். முடித்த வாரமே மேனேஜர் ரிஜிஸ்டரைச் சேலத்து ஹெட் ஆபீஸுக்கு எடுத்துப்போனார். அது திரும்பி வரவில்லை.

அதே ஃபோல்டர் சேலத்துக் கம்ப்யூட்டரிலும் இருந்தது. அங்கிருந்து கம்ப்யூட்டர்காரர் ஒருவர் வந்து இரண்டையும் நெட் வழியாக இணைத்துவிட்டுப் போயிருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், மெதுவாகப் பேசுவார்.

“இங்க ஒரு எழுத்த மாத்துனீங்கன்னா அங்கயும் மாறிருமுங்க. அங்க அழிச்சா இங்கயும் அழிஞ்சிரும். ரெண்டும் எப்பவும் ஒண்ணாவே இருக்கும்” என்றார்.

“தெரியாம அழிச்சுட்டா என்னங்க பண்றது?”

“அழிச்சது கொஞ்ச நாளைக்கு ஒரு மறைவான ஃபோல்டர்ல கெடக்குமுங்க.” அதை எப்படித் திறப்பது என்றும் காட்டினார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காப்பிப் பழம் பறித்து முடித்திருந்த சமயம். ஒருநாள் காலையில் ஃபோல்டரைத் திறந்தபோது மூன்றாம் நம்பர் வீட்டு ஃபைல் இல்லை. நான்தான் கைதவறி அழித்துவிட்டேன் என்று நினைத்துச் சேலத்துக்குப் போன் செய்தேன்.

“ஒழுங்குபடுத்திட்டிருக்கோமுங்க. நீங்க கண்டுக்காதீங்க” என்றார் கம்ப்யூட்டர்காரர்.

மறுவாரம் நான்காம் நம்பரும் ஆறாம் நம்பரும் போயின. அதற்கடுத்த வாரம் இன்னும் இரண்டு. ஏன் இந்த வீடுகள் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு மத்தியானம் தண்ணீர் பிடிக்கப் போனபோது நின்று பார்த்தேன். காணாமல் போன எல்லாமே மேல் வரிசை வீடுகள். அங்கே நின்றால் பனி விலகும்போது அடிவாரமும் சேலமும் தெரியும். அதே வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. என் அம்மாவும் நானும் இருந்தோம்.

இரண்டு நாள் கழித்து ‘லைன்’ ஃபோல்டரில் புதிதாக ஒரு ஃபைல் வந்து உட்கார்ந்தது. திறந்தேன். எங்கள் சரிவின் வரைபடம். மேல் வரிசை வீடுகளைக் காணோம். அந்த இடத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள், ஒவ்வொன்றிலும் ‘காட்டேஜ்’ என்று எழுதியிருந்தது. எங்கள் தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடத்தில் நீச்சல் குளம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஃபோல்டரிலிருந்து அந்தப் பெயர் மறைந்தது. திரையில் மட்டும் படம் நின்றது.

போன் அடித்தது. கம்ப்யூட்டர்காரர்தான்.

“ஏனுங்க, இப்ப ஏதாச்சும் ஃபைல் தொறந்தீங்களா?”

“இல்லீங்க.”

“சரிங்க” என்று வைத்துவிட்டார்.

பக்கத்து அறையில் இருந்த ரைட்டரிடம் போய்ச் சொன்னேன். தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதுகிறவர், என் அப்பா வயது. அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“நீ எதையும் பாக்கல சாமி. நானும் எதையும் கேக்கல. எனக்கு இன்னும் ரெண்டு வருசம் சர்வீஸ் இருக்குது.”

“நொம்பப் பேரு ஊடு இருக்குதுங்க அதுல.”

“தெரியும்” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் மேசைக்கு வந்து நெட் வயரைப் பிடுங்கினேன். மறைவு ஃபோல்டரைத் திறந்தேன். அழிந்த ஃபைல்கள் எல்லாம் அங்கே கிடந்தன. அவற்றையும் மிச்சமிருந்தவற்றையும் பென் டிரைவில் ஏற்றினேன். வெளியே பனி இறங்கி சில்வர் ஓக் மரங்கள் தெரியவில்லை. ஜன்னலுக்கு அப்பால் யாரோ நிற்பது போலவே இருந்தது. பாதி ஏறியிருக்கும், மறுபடி போன்.

“உங்க கம்ப்யூட்டர் இங்க தெரியலீங்களே.”

“மலைப் பாதையில மரம் விழுந்திருக்கும் போலங்க. வயரு அறுந்திருக்கும்.”

அன்று காற்றே இல்லை. அது அவருக்கும் தெரிந்திருக்கலாம். “வந்ததும் சொல்லுங்க” என்றார்.

ஏற்றி முடித்துவிட்டு, சேலத்தில் சந்தேகம் வராமலிருக்க வயரைத் திரும்பச் செருகினேன். ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கின. எட்டு. ஒன்பது. பதினொன்று. பதினான்காம் நம்பர் எங்கள் ஃபைல். அதில் அம்மா மஞ்சள் சேலையில் விறைப்பாக நிற்கும் போட்டோ இருக்கிறது. அதுவும் போயிற்று. சத்தமே இல்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசக் கடைசியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மேல் வரிசையில் இருப்பவர்களுக்குக் குடியிருப்புப் பதிவு எதுவும் இல்லை, காலி செய்ய வேண்டும். அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு அம்மா கேட்டாள்: “அப்ப நாம இங்க இருந்ததே இல்லயா கண்ணு?”

டவுனில் ஒரு கடையில் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, வீடு வீடாகக் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று யாரும் சொல்லக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். நோட்டீஸை எதிர்த்து எல்லோரும் மனுக் கொடுத்தோம். விசாரணைக்குத் தாசில்தார் ஆபீஸிலிருந்து அதிகாரி வந்தபோது, காப்பி காயப்போடும் களத்தில் ஆளுக்கொரு காகிதத்தோடு நின்றோம். மேனேஜர் ஒன்றை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது.

“இது போலி” என்றார். சேலத்திலிருந்து கூட வந்திருந்த கம்ப்யூட்டர்காரரிடம் நீட்டினார். “நீயே சொல்லு.”

அவர் காகிதத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார்: “நம்ம ஸ்கேன்தானுங்க. ஓரத்துல கரையான் அரிச்சது கூட இருக்குதுங்க.”

அதிகாரி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். விசாரணை முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். கம்ப்யூட்டர்காரர் வண்டியில் ஏறும்போது என் பக்கம் திரும்பவில்லை. மறுமாதம் சேலத்துக்குப் போன் செய்தபோது வேறு யாரோ எடுத்தார்கள். அவர் எங்கே என்று கேட்டேன். “அப்படி யாரும் இங்க இல்லீங்க” என்றது அந்தக் குரல்.

என்னையும் ஆபீஸுக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். இப்போது அம்மாவோடு மிளகு பறிக்கப் போகிறேன். விசாரணை இன்னும் முடியவில்லை. வீடுகள் நிற்கின்றன. மேல் வரிசையில் இரண்டு குடும்பம் பயந்துபோய்க் கிளியூர் பக்கம் குடிபோய்விட்டது. ஆபீஸில் இருந்த கம்ப்யூட்டரையும் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். எல்லாப் பதிவும் இனிச் சேலத்திலேயே. போன வாரம் சேலத்திலிருந்து ஒருவர் செல்போனோடு வந்து ஒவ்வொருவரையும் சுவரோரம் நிறுத்தி முகத்தைப் படம் பிடித்தார். எதற்கு என்று கேட்டேன்.

“சேலத்து ஃபைலுக்கு அப்டேட்டுங்க” என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.