ஐந்து எஞ்சினுக்கும் ஒரே நம்பர்

செய்தி வந்தபோது மந்தாரக்குப்பம் டீக்கடையில் உட்கார்ந்து நான் தனசேகரனைப் பற்றித்தான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் வீட்டுக் குட்டி ரயில் ஒருநாள் கோபித்துக்கொண்டு சுவரைத் துளைத்து வெளியேறி, வடலூர் வரை போய், டிக்கெட் இல்லாமல் திரும்பி வந்த கதை. கேட்டவர்கள் டீயை ஆறவிட்டிருந்தார்கள். போன் அடித்தது. அவன் மனைவி வசந்தா. "அண்ணே, அவரு எழுந்திரிக்கல. எழுப்பி எழுப்பிப் பாத்துட்டேன்" என்றாள். ஒரு கதையை முடிக்காமல் நான் எழுந்துபோனது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

அவனோடு ஷிஃப்ட் பார்த்தவர்களுக்கும் எங்கள் பிளாக்கில் குடியிருந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கன்வேயர் பிரிவில் எனக்கும் அவனுக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. நான் பெண் எடுத்தது அவனுடைய ஊரான சேத்தியாத்தோப்பில் என்பதால் என்னை மாமா என்பான். அவனைக் கேட்டு நெய்வேலி முழுக்க என்னை மாமா என்றது. நெய்வேலிக்கு வெளியே ஏழெட்டு மாநிலங்களிலும் அப்படித்தான் என்று கேள்வி.

பகலெல்லாம் மைன்ஸில் கோபுரம் உயர இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிறவன், குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் ஒரு சாண் நீளக் குட்டி நீராவி எஞ்சினுக்கு வயிற்றைக் கிழித்து ஆபரேஷன் செய்வான். உள்ளே வைப்பது தபால்தலை அளவு ஒரு பலகை. டீகோடர் என்று பெயர். அதிலிருந்து தலைமுடி போல ஒயர்கள் போகும். எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் கரிப்பெட்டியில் வெல்லக்கட்டி அளவு ஒரு ஸ்பீக்கர். "கரி இருக்கிற எடத்துலதான் மாமா உயிர் இருக்கணும்" என்பான். ஒயரைப் பற்றவைக்க உட்கார்ந்தால் கத்திரி வெயிலிலும் மின்விசிறி ஓடக்கூடாது, யாரும் தும்மக்கூடாது. நான் ஒருமுறை தும்மலை அடக்கி, அது காது வழியாக வெளியேறி எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தது.

அந்தப் பலகையின் வித்தையை எனக்கு அவன் விளக்கியது மைன்ஸில் ஆளுக்கொன்று தரும் நம் டோக்கன் நம்பரை வைத்துத்தான். தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். கையிலுள்ள கருவியில் "மூன்று, புறப்படு" என்றால் மூன்றாம் நம்பர் எஞ்சின் மட்டும் புறப்படும், மற்றவை காதில் வாங்காது. ஒரே தண்டவாளத்தில் ஒன்று போகும், ஒன்று வரும், ஒன்று நின்று பெருமூச்சு விடும். "இத்தனை பேர் இருக்கிற எடத்துல கூப்பிட்டவன் மட்டும் எழுந்து வர்றான் பாருங்க, நம்ம செக்ஷன்ல என்னைக்காவது நடந்திருக்கா?" என்பான்.

இத்தனை பாடும் எதற்கு என்று பலருக்குத் தெரியாது. வசந்தா விருத்தாசலத்துப் பெண். அவளுடைய அப்பா மீட்டர்கேஜ் காலத்தில் எஞ்சின் டிரைவர். ஊர் நெருங்கும்போது தனக்கே உரிய விதத்தில் விசிலை இழுப்பாராம். அதைக் கேட்டுத்தான் வீட்டில் அவருக்கு வெந்நீர் வைப்பார்கள். அவள் பாவாடை கட்டிய வயதிலேயே அவர் போய்விட்டார். இருப்பது ஒரு போட்டோ. அதில் சத்தம் இல்லை. "அந்த விசிலு மறந்துகினே வருதுண்ணே. பாதிதான் காதுல நிக்குது" என்று என்னிடமே ஒருமுறை சொன்னாள். மீதிப் பாதியும் போவதற்குள் அதைப் பிடித்துத் தருவதென்று தனசேகரன் கிளம்பினான்.

பலகையோடு வந்த சத்தமெல்லாம் சீமை எஞ்சின்களுடையது. அதை அழித்துவிட்டு, யாரோ ஒரு ரயில் பிரியர் டேப்பில் பிடித்து வைத்திருந்த நம்மூர் எஞ்சினின் சத்தத்தை வாங்கி ஏற்றினான். கரிப்பெட்டியில் நிஜக் கரித்தூளை ஒட்டினான். வசந்தா குனிந்து பார்த்தாள்.

"இது இன்னா பழுப்பா?"

"நம்ம மைன்ஸ் கரிதான்டி."

"எங்கப்பா போட்டது கருங்கரி. நெய்வேலிக்கரி போட்டா வண்டி உளுந்தூர்பேட்டையே தாண்டாது."

பிறகு கண்ணை மூடிக்கொண்டு விசிலைக் கேட்டாள். கேட்டுவிட்டு, "வண்டி சரி. ஆளு இல்ல" என்றாள். அந்தத் தீர்ப்பை அவன் பலமுறை வாங்கினான். சத்தத்தைக் கூட்டினான், குறைத்தான், ஸ்பீக்கரை மாற்றினான். ஒவ்வொரு முறையும் அவள் கண்ணை மூடுவாள், திறப்பாள். "ஆளு இல்ல."

ரிட்டயராகி அவன் மந்தாரக்குப்பத்தில் வீடு கட்டிப் போன பிறகு ஓர் ஆயுத பூஜை, நானும் போயிருந்தேன். மைன்ஸில் இயந்திரங்களுக்கெல்லாம் பொட்டு வைக்கிற நாளில் அவன் எஞ்சின்களுக்கு மட்டும் வைக்காமல் இருப்பானா? ஐந்தையும் தண்டவாளத்தில் நிறுத்தி, சந்தனம் குங்குமம் இட்டுக் கற்பூரம் காட்டினான். ஐந்தாவது அன்றுதான் புதிதாகச் சேர்ந்தது, நம்மூர்ச் சத்தம் ஏற்றியாகிவிட்டது, நம்பர் மட்டும் இன்னும் தரவில்லை. நம்பர் தரும்போது மற்றவற்றைத் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது இந்த வித்தையின் முதல் பாடம். "பூஜ போட்டத நவுத்தாதீங்க" என்றாள் வசந்தா. இவனும் சரியென்று, ஐந்தும் நிற்க, "இனி உன் நம்பர் ஐந்து" என்று கட்டளை கொடுத்தான். ஐந்து எஞ்சினும் அதைப் பயபக்தியோடு ஏற்றுக்கொண்டன.

பிறகு "ஐந்து, புறப்படு" என்றான். ஐந்தும் புறப்பட்டன! அன்று நடந்த ரயில் விபத்து உலகம் இதுவரை காணாதது. எதிரெதிரே நின்றவை முட்டின, பின்னால் வந்தவை தள்ளின, குங்குமம் பறந்தது, சுண்டல் கிண்ணம் கவிழ்ந்தது. எல்லாம் நெற்றிக்கு நெற்றி இடித்துக்கொண்டு நின்றபடி புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கின. வசந்தா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவன் கையிலிருந்த கருவியைப் பிடுங்கினாள். அதுநாள் வரை அவளை அவன் கேட்கத்தான் வைத்திருந்தான், தொட விட்டதில்லை.

"விசிலு எது? குடுங்க இப்படி. எங்கப்பா இப்படியா இழுப்பாரு? இப்படி இழுப்பாரு."

நீளமாக ஒன்று. ஒரு மூச்சு இடைவெளி. பிறகு விட்டுவிட்டு, தேய்ந்து தேய்ந்து ஒன்று. ஐந்து எஞ்சினும் ஒரே குரலில் ஊதின. அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணை மூடவே இல்லை.

"வந்துகினு இருக்காருண்ணே" என்றாள்.

தனசேகரன் சிதறிய சுண்டலைப் பொறுக்க உட்கார்ந்தான். பொறுக்கிக்கொண்டே, "நான் பெட்டிக்குள்ள தேடிக்கிட்டு இருந்தேன் மாமா. அது இவ கையில இருந்திருக்கு" என்றான்.

மறுநாள் நம்பர்களைப் பிரித்துத் தருவான் என்று நினைத்தேன். தரவில்லை. ஒன்று போக ஒன்று வர ஓட்டுவதுதானே இந்த வித்தையின் மகுடம், அதற்காகத்தானே இத்தனை வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டாய் என்றேன். "ஒண்ணு ஊதுனா அது பொம்மை மாமா. அஞ்சும் ஊதுனாதான் அவளுக்குச் சரியா கேக்குது. அப்படியே கெடக்கட்டும். நான் வண்டி ஓட்டி எந்த ஊரு போய்ச் சேரப்போறேன்?" என்றான். அதன்பிறகு அந்த எஞ்சின்கள் ஓடவில்லை. சாயங்காலத்தில் அவள் ஊதுவாள், அவன் கேட்டுக்கொண்டிருப்பான், அவ்வளவுதான்.

அவனைத் தூக்கும்போது தெருவே அந்த விசிலைக் கேட்டது. நீளமாக ஒன்று, இடைவெளி, தேய்ந்து தேய்ந்து ஒன்று. தூக்கியவர்கள் ஒரு கணம் நின்றுவிட்டோம். காரியம் முடிந்த அன்று அவளிடம் கேட்டேன், "வூட்டுக்கு வரவங்கதானம்மா ஊதுவாங்க? போறவனுக்கு ஏன் ஊதின?"

"இவருக்கு ஊதலண்ணே. எங்கப்பாவுக்கு ஊதுனேன். இவரு வந்துகினு இருக்காரு, வெந்நி வைக்கச் சொல்லுன்னு."

ஓர் எஞ்சினை என்னிடம் கொடுத்திருக்கிறாள். நம்பரை மாற்றக்கூடாது என்பது உத்தரவு. அது என் அலமாரியில் நிற்கிறது. கரிப்பெட்டியில் நெய்வேலிக் கரி, நெற்றியில் பழைய குங்குமம், நம்பர் ஐந்து. டீக்கடையில் அன்று பாதியில் விட்ட கதையை இப்போதும் கேட்கிறார்கள். அதைச் சொல்கிறேன். ரயில் இப்போது வடலூரைத் தாண்டிக் கடலூர் வரை போய்க் கடலில் கால் நனைத்துவிட்டு வருகிறது. ஆனால் அந்த விசிலைப் பற்றிச் சொல்லும்போது மட்டும், எவ்வளவு யோசித்தும் கூட்டிச் சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.