சாயல்குடிக் கரைக்கு வராத புயல்

அருப்புக்கோட்டையிலிருந்து சாயல்குடிக் கடற்கரைக்கு பஸ்ஸில் எப்படிப் போவது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வழி சொல்கிறேன். ஆனால் நான் அங்கே போனது ஒரே தடவைதான், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நவம்பரில். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஆளைத் தேடிப் போனேன்.

என் அக்காவைத் திருச்சுழிக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தான் சவரிமுத்துவுக்கு மானாவாரி நிலம். மழை ஏமாற்றிக்கொண்டே இருந்ததால் அவர் தம்பி அருள், சாயல்குடிக்குத் தெற்கே ஒரு மீனவ ஊருக்குப் போய், வள்ளத்தில் கூலிக்குச் சேர்ந்திருந்தான். அதற்கு முன் கடலையே பார்த்திராதவன். நீச்சலும் தெரியாது. நீந்திப் பழக எங்கள் பக்கம் தண்ணீர் எங்கே இருந்தது?

அன்று காலை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு டீக்கடை ரேடியோவில் சொன்னார்கள்: வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு வலுக்கிறது, புயலாகித் தென்கரையைத் தொடலாம். கேட்டவர்கள் முகமெல்லாம் சிரிப்பு. எங்களுக்குப் புயல் என்றால் மழை, கண்மாய்த் தண்ணீர். எனக்கு மட்டும் அருள் நினைவு வந்தது. ஏழரை மணி பஸ்ஸில் ஏறிவிட்டேன். திருச்சுழி முக்கால் மணி நேரம்.

அத்தான் தன் மானாவாரிக் காட்டில் விதைத்துக்கொண்டிருந்தார். ஈரமே இல்லாத புழுதியில், புயலை நம்பி.

"மாப்ள, புயலு வருதாம்ல! இந்தத் தடவ தப்பாது."

"அருளு கடல்ல இருப்பானே அத்தான்?"

அவர் கை அப்படியே நின்றது. விதைச் சாக்கை வரப்பில் போட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு வந்துவிட்டார்.

திருச்சுழியிலிருந்து கமுதி, அங்கே மாறி சாயல்குடி. வழியெல்லாம் கருவேலங்காடு. கமுதி தாண்டியதும் அத்தான் மெல்லச் சொன்னார்: "எந்திரிச்சதுல இருந்து புயலு வரணும்னு ஜெபம் பண்ணுனேன் மாப்ள. இப்ப என்னன்னு பண்ண?"

சாயல்குடியிலிருந்து மினி லாரியில் தொற்றிக்கொண்டு ஊர் சேரும்போது மதியம் இரண்டு. மழை இல்லை, காற்று மட்டும் மணலை வாரி அடித்தது. வள்ளங்களைக் கரைக்கு மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். அருளைக் கூலிக்கு வைத்திருந்த வள்ளக்காரரின் மனைவி ரோசம்மாள், நாங்கள் அருளின் ஆட்கள் என்று சொன்னதும் அழுதுவிட்டார்.

"நேத்தே போயிட்டாகய்யா. ரேடியோவுல சொன்னப்ப அவுக கடல்ல இருந்தாக. எங்க வீட்டுக்காரரும் அதுலதான்."

அன்றும் மறுநாளும் கரையிலேயே கிடந்தோம். ஒரு பாட்டம் மழை கொட்டி எங்களை நனைத்துவிட்டுப் போனது. ரோசம்மாள் வீட்டில் கஞ்சி கொடுத்தார்கள். அத்தான் வாங்கி வைத்தார், குடிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம், தேடிப்போன வள்ளம் இரண்டு பேரை மட்டும் கொண்டுவந்தது. ஒருவர் வள்ளக்காரர். கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்தே கிடந்திருக்கிறார்கள். அவர் உள்ளங்கையில் தோலே இல்லை.

அத்தான் அவர் காலடியில் உட்கார்ந்து, "எந்தம்பி?" என்றார்.

"ராப்பூரா பிடிச்சிருந்தான்யா. அண்ணே அண்ணேன்னு பேசிக்கிட்டே இருந்தான். விடியிறப்பப் பாத்தா இல்ல."

அன்றைக்கே ரேடியோ அடுத்த செய்தியைச் சொன்னது. புயல் வடக்கே திரும்பிவிட்டது, தென்கரைக்கு ஆபத்து இல்லை.

இன்னும் மூன்று நாள் கரையோரம் நடந்து பார்த்தோம். அருளின் உடல் கிடைக்கவேயில்லை. திரும்பும்போது மறுபடி ஒரு தூறல். ஈரச் சட்டையோடு கமுதி பஸ்ஸில் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்து ஒரு அம்மா ஆசையாகக் கேட்டார்: "அங்கிட்டு மழையாண்ணே?"

"மழைதான் ஆத்தா," என்றார் அத்தான்.

"இங்கிட்டு வருமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வரும் ஆத்தா."

வரவில்லை. புழுதியில் போட்ட விதையை எறும்பு தின்றது.

சரி, வழி கேட்டவர்களுக்கு: கமுதியில் மாறிப் போங்கள், பாதி நாள் பயணம். குடிதண்ணீர் கையோடு வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள். போனாலும், வள்ளங்கள் கரையேறி நின்றால் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். ரேடியோ ஆபத்து இல்லை என்று சொன்னாலும்தான். கரையில் பெண்கள் கடலைப் பார்த்தபடி பேசாமல் நின்றால், காமிராவை எடுக்காமல் தள்ளிப் போய்விடுங்கள்.