செவலையின் இருபத்தொரு நாள்

சேரப்பணஞ்சேரி கோதண்டம் ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் ஆள். வயது ஐம்பத்திரண்டு. நிலமெல்லாம் காம்பவுண்டுச் சுவருக்குள் போனபிறகு அவரிடம் மிஞ்சியது செவலை என்ற ஒரே ஒரு ஜெர்சிக் கலப்பு மாடு. அதுவும் கன்று போட்டு ஒன்றரை வருஷமாகி, பால் வற்றி நின்றது. மறுபடி சினை பிடித்தால் வீட்டில் இருக்கும், இல்லாவிட்டால் அடிமாட்டு வண்டியில் ஏறும். மூன்றாவது வழி கிடையாது.

சினை பிடிக்கவைப்பது என்ன பெரிய வித்தையா என்று கேட்பீர்கள். மாடு இருபத்தொரு நாளைக்கு ஒருமுறைதான் பருவத்துக்கு வரும். வந்தாலும் ஒரு நாள் முழுசாகத் தங்காது. கத்தும், தீனியைத் தொடாது, பின்பக்கம் கண்ணாடி மாதிரி ஒழுகும். காலையில் பார்த்தால் சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் பார்த்தால் மறுநாள் காலை ஊசி. விட்டால் போச்சு.

கோதண்டத்துக்கோ மூன்று ஷிப்டு, வாரத்துக்கு ஒன்றாக மாறும். மூன்று வாரமும் சேர்ந்தால் எத்தனை நாள்? அதே இருபத்தொன்று! ஆக, செவலை பருவத்துக்கு வருவது எப்போது பார்த்தாலும் அவருடைய நைட் ஷிப்டு வாரத்தில். இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது? காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கி வந்து கட்டையாகச் சாய்வார். மனைவி செங்கமலம் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் சமையல். ராத்தங்கலும் அங்கேயே, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீடு. பக்கத்து லாட்ஜில் ஒடிசாப் பையன்கள், பாவம், மாடு கத்தினால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள். ரெண்டு நாள் கழித்து வாலில் ரத்தக்கறையைப் பார்த்துத்தான் கோதண்டம் தலையில் அடித்துக்கொள்வார்.

"ரத்தத்தைப் பாத்தா பஸ்ஸு போயிடுச்சுன்னு அர்த்தம்ணே," என்பார் சினை ஊசி போடும் தணிகாசலம். இப்படி நாலு பஸ் போனது.

ஐந்தாவது முறைக்கு முன்னால் கோதண்டம் சூப்பர்வைசர் ஜீவானந்தத்திடம் போய் நின்றார். "சார், ஒரு வாரம் மட்டும் ஷிப்ட மாத்திக் குடு சார். மாட்டுக்கோசரம்."

"மாட்டுக்கு ஷிப்டு மாத்தணுமா? இன்னாய்யா, அதுக்கும் ஐடி கார்டு கீதா?" லைனே சிரித்தது. கோதண்டமும் சிரித்துவைத்தார், வேறென்ன செய்வார்.

மூன்று ராத்திரி சொல்லாமல் வேலைக்குப் போகாமல் நின்றார். கொட்டகையில் கொசுக்கடியில் உட்கார்ந்து மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ராத்திரி செவலை கத்தியது. மறுநாள் காலை தணிகாசலம் பைக்கில் விந்துக் கேனைக் கட்டிக்கொண்டு வந்து ஊசி போட்டார். "மூணு மாசம் கழிச்சு நானே வந்து கை வுட்டுப் பாத்து செனையா இல்லியான்னு சொல்றேன். அதுக்கு முன்னால எந்த முடிவுக்கும் வராதே." கான்ட்ராக்டரோ, இன்னொரு நாள் ஆப்சென்ட் போட்டால் கேட்டுக்குள் கால் வைக்க முடியாது என்றார்.

இருபத்தொரு நாள் போயிற்று, சத்தமில்லை. நாற்பத்திரண்டும் அறுபத்து மூன்றும் தாண்டின. கோதண்டத்துக்குத் தலைகால் புரியவில்லை, கெடேரிக் கன்று விழுந்தால் கொட்டகையில் ரெண்டு கறவை என்று கணக்குப் போட்டார். செங்கமலம்தான் அந்தச் சந்தோஷத்தில் ஒட்டவில்லை. "சும்மா ஆடாதய்யா. இன்னொரு வாட்டி கத்திச்சுன்னா வித்துடு. வைக்கோல் வாங்கியே தேஞ்சுட்டேன், என்னால ஆவல."

எண்பது நாள் தாண்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை செவலை கத்தியது. தொண்டை கிழியக் கத்தியது. தவிடு அப்படியே கிடந்தது, பின்னால் கண்ணாடி மாதிரி ஒழுகியது. செங்கமலம் அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான். கோதண்டம் தணிகாசலத்துக்கு மூன்று தடவை போன் போட்டார், எடுக்கவில்லை. நாலாவது தடவை போட்டால் விரல் தேய்ந்தா போகும்? எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான். போட்டதோ மாட்டு வியாபாரி கன்னியப்பனுக்கு.

மத்தியானமே வண்டி வந்தது. செவலை ஏறமாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றி நின்றது. கோதண்டம் முதுகைத் தடவி, "போம்மா" என்றதும் ஏறிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை தணிகாசலம் தானாகவே வந்தார். "மாடு எங்கண்ணே? இன்னைக்குக் கை வுட்டுப் பாக்கணுமே."

"வித்துட்டேன். ஞாத்திக்கெழம மறுபடி கத்திச்சு."

தணிகாசலம் பைக்கைவிட்டு இறங்கவே இல்லை. "அடப்பாவி மனுஷா! செனையா கீற மாடும் நூத்துல நாலஞ்சு அப்டிக் கத்தும்ணே. அதுக்குத்தானே முடிவுக்கு வராதேன்னு சொன்னேன்? ஏறு, ஏறு பின்னால!"

படப்பையில் கன்னியப்பன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் குழாயை மூடினார். கேட்பதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது போல.

"அது நேத்தே முடிஞ்சிடுச்சுண்ணே," என்றார். "வயித்துல கன்னு இருந்துச்சாம். எலி அளவுதான். சத்தியமா எனக்குத் தெரியாது. செனைன்னு தெரிஞ்சா நான் அங்க அனுப்புவனா?"

தணிகாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோதண்டம் வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டார்.

"கெடேரிக் கன்னா, காளைக் கன்னா?"

"அத்த இன்னாத்துக்கு இப்போ..."

"சொல்லுப்பா."

"கெடேரின்னாங்க," என்றார் கன்னியப்பன்.